ரத்த அழுத்த மாத்திரையும் கணைய நீரும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 62. ஓய்வுபெற்ற ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கால்சியம் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் மருந்து இது என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சொன்னான். கணையம் செரிமான நீரைச் சுரக்கக் கால்சியம் கட்டாயம் தேவை என்று பேத்தியின் பாடக்குறிப்பில் படித்தேன். அப்படியானால் நான் தினமும் என் செரிமானத்தைக் கெடுத்துக்கொள்கிறேனா? சாப்பிட்டபின் வயிறு உப்பிக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு செய்திகளும் தனித்தனியே உண்மையானவைதான். அம்லோடிபின், கால்சியம் செல்லுக்குள் நுழையும் ஒரு வழியை அடைக்கிறது. கால்சியத்தின் தூண்டுதல் இல்லாவிட்டால், கணையத்தின் செல் தான் செய்து வைத்திருக்கும் நொதிகளை வெளியேற்றாது. ஆனால் இரண்டையும் சேர்த்து நீங்கள் வந்தடைந்த முடிவு பொருந்தாது. கால்சியம் செல்லுக்குள் வருவதற்குப் பல வாயில்கள் உண்டு. உங்கள் மாத்திரை பூட்டுகிற வாயில், நொதி சுரக்கும் கணையச் செல்லில் வேலை செய்வதே இல்லை.

எந்த வாயிலை இந்த மருந்து பூட்டுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இதயத் தசையிலும் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள மென்தசையிலும், செல்லின் மேலுறையில் மின்னழுத்தம் மாறும்போது மட்டும் திறக்கிற ஒரு வகைக் கால்சியம் வழித்தடம் இருக்கிறது. எல் வகை வழித்தடம் என்று அதைக் குறிப்பிடுவார்கள். அது திறந்து கால்சியம் உள்ளே பாய்ந்தால் தசை சுருங்கும், ரத்தக்குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். 1960களில் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கென்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர், இதயத்தின் ரத்தக்குழாய்களை விரிக்கும் மருந்தாக அறியப்பட்டிருந்த வெராபமில் இதயத் தசையில் கால்சியத்தின் வேலையைத் தடுக்கிறது என்பதைக் கண்டார். கால்சியத்தை எதிர்க்கும் மருந்துகள் என்ற வகையே அவருடைய ஆய்விலிருந்து பிறந்தது. நிஃபெடிபின், டில்டியாசெம், பிறகு வந்த அம்லோடிபின் ஆகிய எல்லாமே இந்த எல் வகை வழித்தடத்தைக் குறிவைப்பவை.

இனிக் கணையத்துக்கு வருவோம். ஏறத்தாழ நூறு கிராம் எடை மட்டுமே உள்ள இந்த உறுப்பு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் செரிமான நீரைச் சிறுகுடலுக்குள் அனுப்புகிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும் நொதிகள் அதில் உள்ளன. நொதிகளைத் தயாரிக்கும் செல்கள் திராட்சைக் கொத்துப்போல் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லும் தன் நொதிகளைச் சிறு மணிகளாகப் பொதிந்து, கணைய நீர் வெளியேறும் குழாயான நாளத்தை நோக்கிய முனையில் குவித்து வைத்திருக்கும். நாம் உண்ட உணவு சிறுகுடலை எட்டியதும், அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பின் முனைகளிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. இவ்விரண்டும் தரும் கட்டளையின் பேரில்தான் மணிகள் திறந்து நொதிகள் வெளியே கொட்டுகின்றன.

அந்தக் கட்டளைக்கும் மணிகள் திறப்பதற்கும் இடையில் நிற்கும் தூதுவன்தான் கால்சியம். தசைச் செல் வெளியிலிருந்து கால்சியத்தை வரவழைக்கிறது. கணையச் செல்லோ தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை முதலில் எடுத்துச் செலவழிக்கிறது. கட்டளை வந்தவுடன் செல்லுறையின் உட்புறத்தில் இனோசிட்டால் டிரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு உருவாகி, எண்டோபிளாச வலை எனும் உள் கிடங்கின் கதவைத் திறக்கிறது. இதைப் படிப்படியாகக் கண்டறிந்த வரலாறு கணையத்தோடு பின்னிப் பிணைந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 1953இல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதியர் புறாவின் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலினைச் சேர்த்தபோது, செல்லுறையின் கொழுப்புகளில் பாஸ்பரஸ் சேர்வது வேகமெடுப்பதைக் கவனித்தார்கள். அதன் பொருள் விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1983இல் ஐரின் ஷுல்ஸ், மைக்கேல் பெர்ரிட்ஜ் உள்ளிட்ட நால்வர், இனோசிட்டால் டிரைபாஸ்பேட் உள் கிடங்கிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது என்று நிறுவினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவையும் மேலுறையில் துளையிடப்பட்ட கணையச் செல்கள்தாம். இன்று மூளை முதல் கருமுட்டை வரை எண்ணற்ற செல்களில் அறியப்பட்டுள்ள இந்த வழிமுறை, முதன்முதலில் வெளிப்பட்டது செரிமான நீர் சுரக்கும் செல்லில்.

கிடங்கு வற்றினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வெளியே கால்சியமே இல்லாத நீர்மத்தில் கணையச் செல்களை வைத்துத் தூண்டினால், தொடக்கத்தில் சுரப்பு வழக்கம்போலவே நடக்கிறது; நேரம் செல்லச் செல்ல ஓய்ந்துவிடுகிறது. ஆகவே நீடித்த சுரப்புக்கு வெளிக் கால்சியமும் தேவை என்பது தெளிவு. அதை உள்ளே அனுமதிக்கும் வாயில், மின்னழுத்தத்துக்குத் திறக்கிற எல் வகை அன்று. கிடங்கு காலியாவதை ஸ்டிம் என்ற புரதம் உணர்ந்து சொல்ல, ஓராய் என்ற மற்றொரு புரதத்தால் ஆன வாயில் திறக்கிறது. அம்லோடிபின் போன்ற மருந்துகள் வழக்கமான அளவில் ஓராயைத் தொடுவதில்லை. கணையத்தின் நொதிச் செல், இதயச் செல்லைப் போலவோ நரம்புச் செல்லைப் போலவோ மின்துடிப்பால் இயங்குவதில்லை. மின்துடிப்பே இல்லாத இடத்தில் மின்னழுத்த வாயிலை அடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உங்கள் மனத்தை ஆற்றக்கூடும். ஏதோ ஒரு காரணத்தால் கணையச் சுரப்பு ஓரளவு குறைந்தாலும், செரிமானம் உடனே பாதிக்கப்பட்டுவிடாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த டிமாக்னோவும் அவருடைய குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், நொதி வெளியேற்றம் இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்த பிறகே மலத்தில் கொழுப்பு கழியத் தொடங்குவதைக் காட்டினார்கள். இயற்கை நமக்குக் கொடுத்திருக்கும் கையிருப்பு அவ்வளவு பெரியது.

உங்கள் வயிற்று உப்புசத்துக்குக் காரணம் கணையச் சுரப்பு அல்லாமல் வேறெங்கோ இருக்கக்கூடும். பால் ஒவ்வாமை, மலச்சிக்கல், அவசரமாகச் சாப்பிடுவது, கூட எடுத்துக்கொள்ளும் வேறு மருந்துகள், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் என்று பலவற்றைக் கேட்டறிய வேண்டும். மாத்திரையை ஏன் நிறுத்த வேண்டாம் என்கிறேன் என்றால், இதே அச்சத்தால் தாமாகவே அம்லோடிபினை விட்டுவிட்டு, தலைவலி தாங்காமல், 190க்கு மேல் ரத்த அழுத்தத்துடன் என்னிடம் வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அம்லோடிபின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும். அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய முதல் ஓரிரு நாள்களில் அழுத்தம் ஏறாததைப் பார்த்து, மாத்திரை தேவையே இல்லை என்று மக்கள் நம்பிவிடுவது இதனால்தான்.

கேள்வி: நான் மருந்தியல் படிக்கும் மாணவன். ஆய்வகத்தில் பிரித்தெடுத்த கணையத் திசுவில் வெராபமில் சேர்த்தபோது நொதி வெளியேற்றம் குறைந்தது என்று சில பழைய ஆய்வுகளில் படிக்கிறேன். மாற்றமே இல்லை என்று வேறு சில ஆய்வுகள் சொல்கின்றன. எதை நம்புவது? - வாசகர், மதுரை

பதில்: தம்பி, இரண்டையும் நம்பலாம். ஆனால் ஒவ்வோர் ஆய்விலும் எவ்வளவு மருந்து போட்டார்கள், எதன்மேல் போட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் முடிவை மட்டும் படிக்காதீர்கள்.

அளவை முதலில் எடுத்துக்கொள்வோம். வெராபமில் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு நூறு நானோகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது ஒரு மைக்ரோமோலாரில் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) கால் பங்குக்கும் குறைவு. அதிலும் பத்தில் ஒன்பது பங்கு ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லைச் சென்று தொடக்கூடியது மிச்சமுள்ள ஒரு பங்குதான். குடுவையில் செய்யும் சோதனைகளிலோ பத்து, ஐம்பது, நூறு மைக்ரோமோலார் வரை சேர்ப்பதுண்டு. அந்த அளவில் வெராபமில் தன் குறியான எல் வகை வழித்தடத்தோடு நிற்பதில்லை. அசிட்டைல்கோலினை ஏற்கும் மஸ்கரினிக் ஏற்பிகளோடும், அட்ரீனலினை ஏற்கும் ஆல்ஃபா ஏற்பிகளோடும் பிணைகிறது. கட்டளையை வாங்கும் காதையே பொத்திவிட்டு, கால்சியம் வாயிலைப் பூட்டியதால்தான் சுரப்பு குறைந்தது என்று சொன்னால் அது தவறான விளக்கம் ஆகிவிடும்.

அடுத்து, எதன்மேல் என்ற கேள்வி. தனியாகப் பிரித்த செல்லில் மருந்துக்கும் செல்லுக்கும் இடையில் யாரும் இல்லை. உயிருள்ள விலங்கிலோ மனிதரிலோ கணையத்தைச் சுற்றி ரத்த ஓட்டமும் நரம்பும் குடலின் ஹார்மோன் செல்களும் இருக்கின்றன; மருந்து இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலும் கணைய நீரின் அளவு மாறலாம். ரத்த அழுத்தத்தைத் திடீரென்று குறைத்துவிட்டால் சுரப்பிக்குப் போகும் ரத்தமும் குறையும். எனக்கு இன்னும் சுவையாகத் தோன்றுவது, கோலிசிஸ்டோகைனினைச் சுரக்கும் சிறுகுடல் செல்லின் கதை. கணையத்தின் நொதிச் செல் மின்துடிப்பு அற்றது என்றேன். ஆனால் அதற்குக் கட்டளை அனுப்பும் குடற்செல்லில் எல் வகை வழித்தடம் இருக்கிறது. செல் வளர்ப்புச் சோதனைகளில் அந்த வழித்தடத்தை அடைத்தால் ஹார்மோன் வெளியேற்றம் குறைகிறது. எனவே உடலில் கணைய நீர் குறைந்தால், மருந்து கணையத்தைப் பிடித்ததா, கணையத்துக்குச் சேதி சொல்பவரைப் பிடித்ததா என்று பிரித்தறிய வேண்டும். ஹார்மோனை வெளியிலிருந்து ஊசி மூலம் செலுத்தியும், உணவைக் கொடுத்தும் இரண்டு முறை அளந்து பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும். வேகஸ் நரம்பு முனைகளைப் பொறுத்தவரை கவலை குறைவு. அங்கே அசிட்டைல்கோலினை வெளியேற்ற உதவுவது பெரும்பாலும் ‘என்’ (N) வகை என்ற வேறொரு கால்சியம் வழித்தடம், அதை அம்லோடிபினோ வெராபமிலோ சிகிச்சை அளவில் அடைப்பதில்லை.

கணைய நீரில் நொதி ஒரு பாதி, காரத் தன்மையுள்ள பைகார்பனேட் நீர் மறு பாதி. பின்னதைச் சுரப்பவை நாளச் செல்கள். அவற்றைத் தூண்டும் செக்ரிடினை 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்தபோதுதான் ரத்தம் வழியாகச் சேதி அனுப்பும் வேதிப்பொருள்கள் உண்டு என்பதே தெரியவந்தது. ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் பயன்படுத்தியது 1905இல். செக்ரிடினின் சேதி முதன்மையாகச் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேறொரு தூது மூலக்கூறின் வழியே செல்கிறது. ஆகவே கால்சியம் தடுப்பு மருந்து அங்கே குறுக்கிடுவதற்கான வாய்ப்பு இன்னும் குறைவு.

ஒரே ஹார்மோன் இரண்டு உறுப்புகளை எப்படி வேறுவேறாக இயக்குகிறது என்பதைப் பார்த்தால் இந்த விஷயம் முழுதாக மனத்தில் பதியும். 1928இல் ஐவியும் ஓல்ட்பெர்க்கும் பித்தப்பையைச் சுருக்கும் ஹார்மோனைக் கண்டு அதற்குக் கோலிசிஸ்டோகைனின் என்று பெயரிட்டார்கள். 1943இல் ஹார்ப்பரும் ரேப்பரும் கணைய நொதியைத் தூண்டும் ஹார்மோனைக் கண்டு பான்கிரியோசைமின் என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று 1960களில் ஸ்வீடனின் ஜோர்ப்பஸ், முட் என்ற இரு ஆய்வாளர்கள் நிறுவினார்கள். சாப்பிட்டவுடன் இந்த ஒரே ஹார்மோன் பித்தப்பையையும் கணையத்தையும் தட்டி எழுப்புகிறது. பித்தப்பை தசையால் ஆனது. அதன் சுருக்கத்துக்கு எல் வகை வழித்தடம் தேவை. அதனால் நிஃபெடிபின் கொடுத்தால் பித்தப்பை சுருங்குவது மந்தமாகிறது. கணையத்தின் நொதிச் செல்லோ தன் கிடங்குக் கால்சியத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. தேர்வில் எழுதுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் கணவர் வெராபமில் எடுத்துக்கொள்கிறார். மலச்சிக்கல் கடுமையாக இருக்கிறது, நெஞ்செரிச்சலும் உண்டு. செரிமான நீர் சரியாகச் சுரக்காததால்தானா? - வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை அம்மா. சுரப்பியில் குறையில்லை, தசைதான் தளர்ந்திருக்கிறது. பெருங்குடலின் தசை ரத்தக்குழாய்த் தசையைப் போலவே எல் வகை வழித்தடத்தை நம்பியிருப்பதால் வெராபமில் அதன் அசைவை மந்தமாக்குகிறது. இந்த வகை மருந்துகளில் மலச்சிக்கலை மிகுதியாக உண்டாக்குவது வெராபமிலே. உணவுக்குழாயின் அடியில் உள்ள வளையத் தசையும் தளர்வதால் இரைப்பை அமிலம் மேலே ஏறி நெஞ்செரிச்சல் தருகிறது. தண்ணீர், கீரை, நார்ச்சத்து, நடை ஆகியவற்றால் தீராவிட்டால் மருந்தை மாற்றித் தரும்படி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் வெராபமில் பெரும்பாலும் இதயத் துடிப்பின் ஒழுங்குக்காகவும் கொடுக்கப்படுவதால், வேறு ஒருவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையை வாங்கி அதற்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்குக் கால்சியம் தடுப்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை ஒன்று அழித்துவிடாதா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: அழிக்காது. தடுப்பு மாத்திரை ரத்தத்தில் உள்ள கால்சியத்தின் அளவைக் குறைப்பதில்லை, எலும்பிலிருந்து உறிஞ்சுவதும் இல்லை. சில செல்களின் வாசலில் மட்டும் நிற்கிறது. இரண்டையும் சாப்பிடலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. இன்சுலினும் கணையத்தில்தானே சுரக்கிறது? செரிமான நீரைப் பாதிக்காத மாத்திரை இன்சுலினையாவது பாதிக்குமா? - வாசகர், ஈரோடு

பதில்: மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒரே உறுப்பின் இரண்டு வகைச் செல்கள் கால்சியத்தை இரண்டு விதமாகப் பெறுகின்றன என்பதற்கு உங்கள் கேள்வியே சான்று. கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மட்டுமே உள்ள திட்டுகளில் இருக்கும் பீட்டா செல் மின்துடிப்பால் இயங்குவது. ரத்தத்தில் குளுகோஸ் ஏறியதும் பீட்டா செல்லில் பொட்டாசியம் வழித்தடம் மூடிக்கொள்கிறது; கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் செய்வதும் அதையே. அதனால் மின்னழுத்தம் மாறி, எல் வகைக் கால்சியம் வழித்தடம் திறந்து, இன்சுலின் வெளியேறுகிறது. ஆகவே எல் வகையை அடைக்கும் மருந்து, கொள்கையளவில், இன்சுலினைக் குறைக்கக்கூடியது. யாரேனும் இம்மருந்தை மிகையளவு விழுங்கிவிட்டால் ரத்தச் சர்க்கரை உயர்ந்து நிற்பதை அவசர சிகிச்சைப் பிரிவில் காண்கிறோம். அத்தகையவர்களுக்கு உயர் அளவு இன்சுலினைக் குளுகோஸுடன் சேர்த்துச் செலுத்துவது சிகிச்சையில் ஓர் அங்கம்.

வழக்கமான அளவில் இது நடப்பதில்லை. அம்லோடிபின் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் குலைப்பதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது தயக்கமின்றி எழுதப்படுகிறது. வெராபமில் விஷயத்தில் இன்னும் எதிர்பாராத செய்தி உண்டு. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் அனத் ஷலேவின் குழு, பீட்டா செல்லுக்குள் டிஎக்ஸ்என்ஐபி என்ற புரதம் பெருகினால் அந்தச் செல் சாகும் என்றும், வெராபமில் அப்புரதத்தைக் குறைக்கிறது என்றும் கண்டது. முதல் வகை நீரிழிவு புதிதாக வந்த பெரியவர்களிடம் நடத்திய சிறிய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. 2023இல் குழந்தைகளிடம் நடத்திய இன்னோர் ஆய்வும் வெளியானது. இரண்டிலும், வெராபமில் பெற்றவர்களிடம் சொந்த இன்சுலின் சுரப்பு ஓரளவு அதிகமாகத் தங்கியிருந்தது. இது இன்னும் நடைமுறைச் சிகிச்சை ஆகவில்லை. உங்களுக்கு இருப்பது இரண்டாம் வகையாக இருக்கக்கூடும் என்பதால், இதைப் படித்துவிட்டு யாரிடமும் வெராபமில் கேட்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பிக்குக் குடிப்பழக்கத்தால் கணைய அழற்சி வந்து மருத்துவமனையில் இருந்தான். செல்லுக்குள் கால்சியம் மிகுந்து போனதால்தான் கணையம் தன்னைத்தானே செரித்துக்கொண்டது என்று மருத்துவர் விளக்கினார். அப்படியானால் கால்சியம் தடுப்பு மாத்திரை கொடுத்தால் மறுபடி வராமல் காக்காதா? இந்த மாத்திரையாலேயே கணைய அழற்சி வரும் என்றும் இன்னொருவர் பயமுறுத்துகிறார். - வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, உங்கள் தம்பியின் மருத்துவர் சொன்னது சரி. இயல்பான சுரப்பின்போது கால்சியம் செல்லின் ஒரு முனையில் சிறு அலையாக எழுந்து உடனே அடங்கும். மணிகள் குவிந்திருக்கும் பகுதியைச் சுற்றி வேலிபோல் நிற்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் அந்த அலை செல் முழுவதும் பரவாமல் தடுக்கின்றன. மதுவும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து உருவாகும் எஸ்டர்கள், நாளத்தில் ஏறிவிடும் பித்த அமிலங்கள் போன்றவை இந்த ஒழுங்கைக் குலைக்கின்றன. கிடங்கு வறண்டு, ஓராய் வாயில் மூடாமலே நின்று, கால்சியம் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கிறது. அப்போது, சிறுகுடலை அடைந்த பிறகே விழிக்க வேண்டிய டிரிப்சினோஜன் செல்லுக்குள்ளேயே புரதத்தை உடைக்கும் டிரிப்சின் நொதியாக மாறி, வீட்டுக்காரனையே தாக்குகிறது. மைட்டோகாண்டிரியா செயலிழந்து ஆற்றல் வற்றியதும் செல் மடிகிறது. பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்கி ரத்தக் கால்சியம் ஏறியவர்களுக்கும் கணைய அழற்சி வரக்கூடும் என்பது இதே திசையைச் சுட்டும் செய்தி.

இதைத் தடுக்கத் தேவைப்படுவது ஓராயை அடைக்கும் மருந்து. உங்கள் தம்பிக்கு அம்லோடிபின் கொடுத்தால், ரத்தக்குழாயின் வாசலில் பூட்டு விழுமே தவிர, கணையச் செல்லின் வாசல் திறந்தபடியே இருக்கும். ஓராயை அடைக்கும் செகோகிராக்டின் என்ற மருந்து, கடும் கணைய அழற்சிக்காக மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. நாற்பது ஆண்டுகளாக ஆய்வகத்தில் பொறுமையாகச் சேர்த்த அறிவு நோயாளியின் படுக்கையை நெருங்குவதை நான் மிகுந்த நம்பிக்கையோடு கவனித்து வருகிறேன். அதுவரை உங்கள் தம்பிக்குக் காப்பு, மதுவை அடியோடு விடுவதும் புகையை விடுவதும்தான். மது மட்டுமே குற்றவாளி என்று பலர் நினைக்கிறார்கள். புகைபிடித்தலும் கணையத்தைத் தனியாகவே கெடுக்கிறது.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை உண்டு. அம்லோடிபினின் மருந்துக் குறிப்பேட்டில், அரிதாகப் பதிவான விளைவுகளின் பட்டியலில் கணைய அழற்சி இடம்பெற்றிருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் மருந்தைப் பற்றி அவ்வப்போது வரும் தனித்தனிப் பதிவுகள் அவை. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால், எந்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு வயது இருபத்துநான்கு. கணையத்தில் கால்சியம் கற்கள் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. மது, புகை எதுவும் கிடையாது. கால்சியம் தடுப்பு மருந்தால் கல் கரையுமா? அவளுக்குச் செரிமான நீர் சரியாகச் சுரக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? - வாசகர், தென்காசி

பதில்: கரையாது. கல்லில் இருப்பது சுண்ணாம்பாக இறுகிப்போன கால்சியம் கார்பனேட். தடுப்பு மருந்து செல்லுறையின் வழித்தடத்தில் மட்டுமே வேலை செய்வது. இரண்டுக்கும் பெயரில் உள்ள ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பில்லை.

உங்கள் மகளைப் போல மதுவே அறியாத இளம் வயதினருக்குக் கணையத்தில் பெரிய கற்கள் உருவாகும் நோய் நம் தெற்குப் பகுதியில் நெடுங்காலமாக அறியப்பட்டது. இந்தோனேசியாவில் 1950களில் சூய்டெமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் பெரும் எண்ணிக்கையில் நோயாளிகளைத் திரட்டிப் பதிவு செய்தார். மரவள்ளிக்கிழங்கையும் புரதக் குறைவையும் அப்போது காரணமாகச் சொன்னார்கள். பின்னர் நடந்த மரபணு ஆய்வுகள், டிரிப்சினை அடக்கும் ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் இவர்களிடம் அடிக்கடி காணப்படுவதைக் காட்டின. மரவள்ளி சாப்பிட்டதற்காக உங்கள் மகளையோ, சமைத்துக் கொடுத்ததற்காக அவளுடைய தாயையோ யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. பெரிய கற்களை அதிர்வலையால் உடைத்து, எண்டோஸ்கோப்பி மூலம் நாளத்தைத் துப்புரவு செய்வது, தேவைப்பட்டால் அறுவை செய்வது ஆகியவையே சிகிச்சை வழிகள்.

சுரப்பு போதுமானதா என்பதை அறிய எளிய வழி, மலத்தில் எலாஸ்டேஸ் நொதியை அளப்பது. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 100க்குக் கீழே இருந்தால் கடும் குறைபாடு. மலம் தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும், ஆகவே கட்டியாகப் போகும் நாளில் கொடுக்கச் சொல்லுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பதும், தண்ணீர் ஊற்றினாலும் கழிவறையில் ஒட்டிக்கொள்வதும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவதும் குறைபாட்டின் அறிகுறிகள். அப்படியானால் நொதி மாத்திரைகளை வெறும் வயிற்றில் கொடுக்காமல், முதல் கவளத்தோடும் உணவின் நடுவிலுமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இவை பன்றியின் கணையத்திலிருந்து தயாரிக்கப்படுபவை. சமய நம்பிக்கை காரணமாகத் தயக்கம் இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் மாத்திரையைத் தவிர்த்துவிட்டு எடை இழந்துகொண்டே போவதுதான் ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தச் சர்க்கரையையும், கொழுப்பில் கரையும் ஏ, டி வைட்டமின்களின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் செரிமானச் செல்களோடு இன்சுலின் சுரக்கும் திட்டுகளும் மெல்ல மெல்ல அழிவதுண்டு.